சரவணனுக்கு அப்பா எழுதுவது

ராமமூர்த்தி நகர்,
பெங்களூரு

அன்புள்ள சரவணா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ போன் செய்யவில்லை என்று நாலு தரம் சொல்லிவிட்டாள். வேலை அதிகம் என்று நான்தான் சமாதானம் சொல்கிறேன். வேலை அதிகம்தானே?

ஜெர்மனியில் நீ இருக்கும் டோர்ட்முண்டில் ஃபீனிக்ஸ் எஃகு ஆலை இருந்த இடத்தில் இப்போது ஏரி என்று போட்டோ அனுப்பினாயே, அதைத் தேடிப் படித்தேன். அந்த ஆலை நின்றது 2001ல். நம் கே.ஜி.எஃப். (கோலார்) தங்கச் சுரங்கத்தை மூடியதும் அதே வருஷம்தான், பிப்ரவரி 28. ஆனால் உங்கள் ஊரில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடியது 1987ல். அதற்கு முன்பே, 1968ல் பல்கலைக்கழகம், 1985ல் அதன் பக்கத்திலேயே தொழில்நுட்பப் பூங்கா. சுரங்கம் ஓடும்போதே பிழைக்க வேறு வழி பார்த்திருக்கிறார்கள்.

நம் ஆட்கள் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கினவர்கள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜின் ஓட்டினவர், ஃபிட்டர், பம்ப் பார்த்தவர், எல்லோருக்கும் கையில் தொழில் இருந்தது. அதைக் காட்ட ஒரு சர்டிஃபிகேட்தான் பெரும்பாலோரிடம் இல்லை. அதனால் சுரங்கம் மூடியபின் அங்கே மாரிகுப்பம் ஸ்டேஷனில் விடிகாலை ரயிலேறி, இங்கே வந்து செக்யூரிட்டி வேலைக்கு நின்றோம். கே.ஜி.எஃப்.பிலேயே கனரக இயந்திரம் செய்யும் பெமல் இருந்தது, உண்மை. ஒரு தொழிற்சாலை எத்தனை பேரைத் தாங்கும்? 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர் நம் கே.ஜி.எஃப். அந்த ஊருக்கு நல்ல பயிற்சிக்கூடமும் நாலுவிதத் தொழிலும் வேண்டும் என்று மூடுவதற்குப் பத்து வருஷம் முன்னால் முனைந்திருந்தால், எத்தனை குடும்பம் சிதறாமல் இருந்திருக்கும்! நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

நம் சுரங்க லைன் வீடுகளிலிருந்து ஜெர்மனிக்குப் போன இன்ஜினியர் நீ. யார் கேட்டாலும் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் ஒரே கம்பெனியை நம்பாதே. கார் பாகம் டிசைன் செய்வதோடு இன்னொன்றும் கற்றுக்கொள். ஜெர்மன் பரீட்சையை முடித்துவிடு என்று போன வருஷமே சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. ஒரே கம்பெனியை நம்பாதே. அங்கே கார் கம்பெனிகள் ஆள் குறைக்கின்றன என்று பேப்பரில் வருகிறது. உன் ஆபீஸைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம், இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். வீட்டு லோன் தவணையை நானும் அக்காவும் சேர்ந்து கட்டிவிட்டோம். அடுத்த மாதமும் பார்த்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய். என்னிடம் மட்டும் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் செய், அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள்.

அப்பா