பொன்னாடை போதும், வாசிக்க விடுங்கள்

ஊட்டியில் நிவாரண நிதிக்காக ராக் கச்சேரி நடத்திய விழாக்குழுவினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி நடந்தது உங்களுக்கே தெரியும், அதனால் முழுக் கதையும் சொல்லப் போவதில்லை. மண்சரிவில் வீடு போனவர்களுக்காக என்றீர்கள், 500 ரூபாய் டிக்கெட்டை மறுபேச்சில்லாமல் வாங்கினோம். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை.

கச்சேரி 5 மணிக்கு என்று போட்டிருந்தது. கோத்தகிரியிலிருந்து சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு நாலரைக்கே வந்துவிட்டேன். எழுபதுகளில் மெட்ராஸில் காலேஜ் படித்தபோது, அன்றைக்கு வாசிக்க வந்த ராக் குழுவின் நாலு பேரையும் நேரில் கேட்டவர் அவர், ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஏழு மணிக்கு மைக்கைத் தட்டினீர்கள். அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை.

எங்கள் இடம் ஓரத்தில், அங்கிருந்து பார்த்தால் மேடைக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். பேஸ் கிதார் வாசிக்கிறவர், எழுபதைத் தாண்டியவர், மெல்லிய கறுப்புச் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிக்கொண்டிருந்தார். டீ தீர்ந்த பிறகும் கிளாஸை விடவில்லை. ஒவ்வொருவர் பேசி முடித்ததும் எழுந்து கிதாரைத் தோளில் மாட்டுவார், நீங்கள் அடுத்த பெயரைக் கூப்பிட்டதும் கழற்றி வைப்பார். நாலு தடவை! "கை விறைச்சுப் போச்சுன்னா அந்தத் தடிக் கம்பிய எப்பிடிடா அழுத்துவாரு?" என்றார் சித்தப்பா. ஜனவரி ராத்திரி, திறந்த மைதானம், புல்லில் பனி இறங்குகிறது. கோட்டு போட்டு வந்த பிரமுகர்களுக்கு ஒன்பது பொன்னாடை, எண்ணினேன்.

அவர்கள் மேடையேறும்போது 9.20. குளிரில் கம்பி இறுகி சுருதி ஏறிக் கிடந்தது, சரிசெய்யவே பத்து நிமிஷம் போயிற்று. 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், அதில் போலீஸைக் குறை சொல்ல மாட்டேன். நாலு பேரின் ஐம்பது வருஷ வாசிப்புக்கு அரை மணி நேரம்.

உங்கள் தொகுப்பாளர் 1971-இல் நியூயார்க்கில் நடந்த வங்கதேச நிதிக் கச்சேரியை மூன்று முறை இழுத்தார். சரி, அதையே பார்ப்போம். அங்கே பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் முதலில் உட்கார வைத்தது சிதார் ரவிசங்கரையும் சரோத் அலி அக்பர் கானையும். பிரமுகர்களை அல்ல. இன்னொன்றும் உண்டு, முன்கூட்டியே முறையாக ஏற்பாடு செய்யாததால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வரிச் சிக்கலில் பல வருஷம் முடங்கியது. அதனால் எவ்வளவு வசூலானது, யாருக்குப் போகிறது என்று நீங்களும் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் நன்றாக இருக்கும்.

இந்த மலையில் எதுவுமே இங்கே இருக்கிறவர்களை நினைத்து நடப்பதில்லை. மே மாதம் முழுக்க வெளியூர் கார்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறோம், குளிர்காலத்தில் வாழ்த்துரைக்குக் கை தட்டுகிறோம், கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. அன்றைக்கு ஜீப்புக்கு நான் கொடுத்தது டிக்கெட்டை விட அதிகம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை சொன்ன நேரத்துக்கு அந்தப் பெரியவர்களை முதலில் மேடையேற்றுங்கள், பேச்சையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, முதலில் அவர்கள். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை, அது வீடு போனவர்களுக்கே போகட்டும். அந்த பேஸ் கிதார்காரருக்கு மட்டும் ஒரு பொன்னாடை அனுப்பி வையுங்கள். கம்பளியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரி பஸ்ஸை விட்ட இருவரில் ஒருவன்