அல்சூர் ஏரியும் உன் டி.ஓ. கணக்கும்

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். பெங்களூரு அல்சூர் ஏரி, கரைந்த ஆக்சிஜன் (டி.ஓ.) லிட்டருக்கு 11 மில்லிகிராம், 'தண்ணீர் நன்றாக இருக்கிறது'. எண்ணில் தப்பில்லை, முடிவில்தான் அவசரம். 2016-இல் மீன்கள் கும்பலாகச் செத்து மிதந்த ஏரி அது. எத்தனை மணிக்குத் தண்ணீர் எடுத்தாய் என்று எழுதவே இல்லையேம்மா?

25 டிகிரி நீர் காற்றிலிருந்து பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன், அதாவது நிறைவு அளவு, லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் என்று அட்டவணை காட்டுவது கடல்மட்டத்துக்கு உரியது. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே நிறைவு அளவே 7.4-தான். அதற்கு மேல் 11 என்றால் பாசி வெயிலில் ஆக்சிஜனைக் கக்குகிறது என்று அர்த்தம். இரவெல்லாம் அதே பாசி அதைத் திரும்பக் குடிக்கும். மீன் சாவது விடியற்காலையில். ஆகவே சூரியன் ஏறுமுன் ஒரு முறை, மதியம் 2 மணிக்கு ஒரு முறை எடு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஏரியின் நிலையைச் சொல்லும்.

ஆக்சிஜனை அளக்க, 300 மில்லி பாட்டிலில் குழாயை அடிவரை விட்டு, வழியவிட்டு நிரப்பு. ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. மாங்கனீஸ் சல்பேட் 2 மில்லி, பிறகு அசைடு சேர்த்த கார அயோடைடு 2 மில்லி, பிப்பெட் முனை நீருக்குள் இருக்க. மூடித் தலைகீழாகப் புரட்டினால் பழுப்பாகத் திரியும். வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை. இதைக் கரையிலேயே செய்துவிட வேண்டும். டிராஃபிக்கில் நீ நிற்கும் ஒரு மணி நேரமும் பாட்டிலுக்குள் இருக்கும் உயிர்கள் சும்மா இருக்காது. அசைடை விட்டுவிடாதே. சாக்கடை கலந்த நீரில் நைட்ரைட் இருக்கும். அது அயோடினை விடுவித்து எண்ணை ஏற்றிக் காட்டும்.

திரிந்த படிவு பாதிக்குக் கீழே இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மில்லி. படிவு கரைந்ததும் 203 மில்லி அளந்து 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்; செலவாகும் 1 மில்லி தயோசல்பேட்டுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். வெளிர் வைக்கோல் நிறம் வந்த பிறகே ஸ்டார்ச். முன்பே ஊற்றினால் அயோடினைப் பிடித்துக்கொண்டு முடிவுப்புள்ளியை இழுத்தடிக்கும். நீலம் மறைந்த பின் மறுபடி வந்தால் கணக்கில் சேர்க்காதே.

இதே மதிய நீரை அப்படியே பி.ஓ.டி.க்கு (நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னச் செலவழிக்கும் ஆக்சிஜனை அளக்கும் சோதனைக்கு) வைத்தால் மாட்டிக்கொள்வாய். மிகையான ஆக்சிஜன் தானாக வெளியேறும், அது நுண்ணுயிர் தின்றதாகக் கணக்கில் ஏறிவிடும். முதலில் நன்றாகக் குலுக்கி நிறைவுக்கு இறக்கு. நம் நாட்டு முறை 27 டிகிரியில் 3 நாள், இருட்டில். ஆக்சிஜன் குறைவு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல், மிச்சம் 1-க்கு மேல் இருக்கும் நீர்த்த மாதிரிகளை மட்டும் எடுத்துக்கொள்.

மண் மாதிரிக்கு ஒன்றுதான்: நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலி, நைட்ரேட்டும் அம்மோனியமும் மட்டும் ஈர மண்ணிலேயே அளக்க வேண்டும். காற்றுத் தூசியைப் பிடிக்கும் வடிதாளை மாதிரி எடுக்கும் முன்னும் பின்னும் ஒரே ஈரப்பதத்தில் வைத்து எடை போடு, மழைக்காலத்தில் இன்னும் கவனம்.

அசைடு கலந்த கரைசல் மிச்சமானால் அமிலக் கழிவோடு சேர்த்துவிடாதே, நச்சு வாயு கிளம்பும். தனி கேனில் ஊற்றி, பேர் எழுதி, லேப் அண்ணனிடம் கொடு.

அன்புடன்,
அப்பா