மாத்திரைக்காக ஒரு நாள் கடல்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மச்சானுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஆறு வருடமாகிறது. விஷயம் பரவியதுமே பாம்பனில் துக்கம் விசாரிப்பது போல ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவரோ இன்றைக்கும் நாட்டுப்படகில் போய் நண்டு வலை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

இரத்தப் புற்று எல்லாம் ஒன்றல்ல. வேகமாக முற்றும் வகைகள் ஆபத்தானவைதான். மச்சானுக்கு வந்தது மெதுவாக முற்றும் நாள்பட்ட மைலாய்டு வகை. 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்த பிறகு, அது யாருக்கு நன்றாக வேலை செய்கிறதோ அவர்களின் ஆயுள் கிட்டத்தட்ட மற்றவர்கள் அளவுக்கே நீள்கிறது. 2013-இல் உச்ச நீதிமன்றம் இந்த மாத்திரைக்குக் காப்புரிமை (ஒரே நிறுவனம் மட்டும் தயாரிக்கும் உரிமை) தர மறுத்ததால் மலிவு விலை மாத்திரைக்கும் தடை வரவில்லை.

சரி, ஆனால் தினமும் விடாமல் போட வேண்டுமே! மாத்திரை வாங்க மாதாமாதம் மதுரை. விடிகாலை பஸ், ராத்திரி வீடு, ஒரு நாள் கடல் போச்சு. நண்டு நன்றாகப் பட்ட ஒரு மாதம், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பத்து நாள் விட்டுவிட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு ஏறியிருந்தது. டாக்டரிடம் திட்டு வாங்கியது என் அக்கா.

நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் ராமநாதபுரத்திலேயே கொடுக்கலாம். சுகாதாரத் துறை கவனிக்குமா?

— ஒரு வாசகர், பாம்பன்