தலவாக்கலையில் இறங்கிய அக்காவுக்கு நன்றி

ஹட்டனிலிருந்து நுவரெலியா போன பஸ்ஸில் என் தம்பிக்காகப் பேசிய அக்கா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

வெள்ளைப் பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு போனை மூக்கோடு ஒட்டிப் பார்த்தவனை, "கண்ணு தெரியுது, சீட்டுக்கு நடிக்கிறான்" என்றார் ஒருவர். வெள்ளைப் பிரம்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் பார்வை முழுதாகப் போயிருக்காது. தம்பிக்குக் கிட்டே வைத்தால் எழுத்து தெரியும், படியும் பள்ளமும் தெரியாது. இதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் சந்தேகப் பார்வை போகவில்லை.

"அந்தப் புள்ள எதுக்கு உங்களுக்கு நிரூபிக்கணும்?" என்று கேட்டீர்கள். அதைவிட, இறங்கும்போது அவனைப் பிடித்து இழுக்காமல், "தம்பி, கை குடுக்கவா, நீங்களே இறங்குவீங்களா?" என்று அவனிடமே கேட்டீர்களே, அதுதான் பெரிய மரியாதை. அவனே இறங்கினான்.

தலவாக்கலைப் பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தம்பி நேரில் பேச ஆசைப்படுகிறான்.