ராஜாவின் மேல் இப்போது யாரும் ஏற வேண்டாம்

டொங்காட், தென்னாப்பிரிக்கா,
மே 2020

அன்புள்ள தேவிக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். பாதி உன் ஆஸ்பத்திரியைப் பற்றி, பாதி நம் குதிரை ராஜாவைப் பற்றி. ஆஸ்பத்திரி விஷயத்தில் யோசனை சொல்ல எனக்கு என்ன தெரியும்? ராஜா விஷயத்தில் தெரியும். போனில் பேசினால் நீ குறுக்கே கேட்டுக்கொண்டே இருப்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து எழுத்துக்கூட்டியாவது படித்துவிடு. நைட் டூட்டி முடிந்த கையோடு வேண்டாம், தூங்கி எழுந்த பிறகு.

பக்கத்து வீட்டுப் பையனை ராஜா மேல் ஏற்றி, தினமும் காலையில் கொஞ்சம் ஓட்டச் சொல்லலாமா என்று கேட்டாய். வேண்டாம் அம்மா.

கொரோனா ஊரடங்கில், மே முதல் தேதியிலிருந்து காலை 6 முதல் 9 வரை, வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள், நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம் என்று அரசாங்கம் விட்டிருக்கிறது. அதில் குதிரை என்ற பேச்சே இல்லை. ரோட்டில் நின்று போலீஸ்காரருக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. ஆனால் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் சட்டம் இல்லை, அந்த 6 மணி. இப்போது இங்கே சூரியன் எழும்பவே ஆறரை ஆகிறது. விடியும் நேரமும் பொழுது சாயும் நேரமும் ஹார்ஸ் சிக்னஸ் என்ற குதிரை நோயைக் கொண்டுவரும் மிட்ஜ் பூச்சி பறக்கும் நேரம் என்று உனக்கே தெரியும்.

ஜொகன்னஸ்பர்க்கில் உறைபனி விழுந்துவிட்டது, ஹார்ஸ் சிக்னஸ் காலம் முடிந்தது என்றாய். அங்கே முடிந்திருக்கலாம். இங்கே ஏது உறைபனி? கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில், கரும்புக்காட்டு ஓரத்தில், மே மாதத்திலும் சாயங்காலம் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார முடிகிறது. எங்களுக்குச் சுகமாக இருக்கும் வரை பூச்சிக்கும் சுகம்தான். நாட்டுக்கு இரவு 8 முதல் காலை 5 வரை ஊரடங்கு. ராஜாவுக்கும் பெட்டைக் குதிரை லட்சுமிக்கும் சாயங்காலம் 4 முதல் காலை 8 வரை. கொரோனாவுக்கு முன்னாலும் ஒவ்வொரு கோடையிலும் அவர்களுக்கு இதே கதைதான், அதனால் அவர்கள் ஒன்றும் முறைத்துக்கொள்ளவில்லை. லாயத்தின் சன்னலிலும் கதவின் மேல் பாதியிலும் நெருக்கமான வலைத்துணி அடித்திருக்கிறேன். மின்விசிறி ஓடுகிறது. விளக்கை அணைத்துவிடுகிறோம், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும்.

இதில் ஒன்றை நீ நர்ஸ் என்ற முறையில் யோசித்துப் பார். அந்த நோயில் முதலில் வருவது காய்ச்சல்தான். இருமல், கண்ணுக்கு மேலே வீக்கம், மூக்கில் நுரை எல்லாம் பின்னால் வருபவை. காய்ச்சல் வந்த முதல் நாளில் குதிரை தின்னும், குடிக்கும், ஏறினால் ஓடவும் ஓடும். அந்த நாளில் ஓட்டினால் நாமே கொன்ற மாதிரி. நுரையீரலைப் பிடிக்கும் வகை வந்தால் பிழைப்பது அபூர்வம். அதனால் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்து எழுதிக்கொண்டு வருகிறோம். 37.5க்கும் 38.5க்கும் நடுவில் இருந்தால் சரி. ஒரு நாள் கூடினால் அன்றைக்கு நடைகூடக் கிடையாது, நேரே டாக்டருக்குப் போன். அந்தப் பையன் இதையெல்லாம் பார்த்து ஏறுவானா? வருவான், சேணம் போடுவான், போவான்.

அவன் விழுந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லவே வேண்டாம். கை உடைந்த பையனுக்குக் கட்டில் தேட வேண்டிய நிலைமையைப் பற்றி உன் செய்தியின் முதல் பாதியில் நீயே பேசியிருக்கிறாய்.

சம்மர்வெல்ட் பயிற்சி நிலையத்தில் பந்தயக் குதிரைகளை இன்னும் ஓட்டுகிறார்களே என்று கேட்பாய். கேட்பாய் என்று தெரியும், நான் அங்கே வேலை பார்த்தவன் ஆயிற்றே. மார்ச் கடைசியிலிருந்து பந்தயம் நின்றுவிட்டது. டர்பன் ஜூலை என்ற பெரிய பந்தயம் 1897 முதல் நடப்பது, இந்த வருஷம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அங்கே காலையில் குதிரைகளை வெளியே எடுக்கத்தான் செய்கிறார்கள். பந்தயக் குதிரைக்குப் போடும் தீனி அப்படி. அதைத் தின்றுவிட்டு நின்றால் வெடித்துவிடும். பார்த்துக்கொள்ளும் ஆட்கள் அங்கேயே தங்கியிருக்கிறார்கள், டாக்டரும் உண்டு. நம் ராஜா பந்தயத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அவனுக்கு ஏன் அந்தப் பாடு?

இங்கேதான் உன் இரண்டாவது யோசனைக்கும் நான் இல்லை என்கிறேன். உடம்பு இளைத்துவிடக் கூடாது, தானியத்தைக் குறைக்காதே என்றாய். குறைத்துவிட்டேன். மார்ச் கடைசியில் நீ வர முடியாது என்று தெரிந்தவுடனே தொடங்கி, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் மாற்றினால் வயிற்று வலி வரும். வேலை நின்றும் தீனி நிற்காத குதிரையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் வண்டிக் குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் முழுத் தீனியும் கொடுப்பார்கள். திங்கட்கிழமை வண்டியில் பூட்டினால் தொடையெல்லாம் கல்லாக இறுகி, காப்பி நிறத்தில் மூத்திரம் போகும். இன்னொரு பக்கம் குளம்புக்குள் வீக்கம் வந்து, முன்னங்காலை எடுத்து வைக்க முடியாமல் நிற்கும். இரண்டும் ஊரடங்கு வருவதற்கு முன்னாலும் நடந்ததுதான். இப்போது வீட்டுக்கு வீடு நடக்கும் என்று பயப்படுகிறேன்.

கண் மதிப்பில் செய்யவில்லை, டேப் வைத்து அளந்தேன். நெஞ்சுச் சுற்று 184 சென்டிமீட்டர். தோள் முனையிலிருந்து பின்புறம் வரை நீளம் 165. சுற்றைச் சுற்றால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். 470 வந்தது. எடையில் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு காய்ந்த புல் என்றால் ஒரு நாளைக்கு 7 கிலோவிலிருந்து ஒன்பதரை வரை. பகலில் மேய்வதையும் கணக்கில் வைத்து இரவுக்கு டெஃப் என்ற காய்ந்த புல்லைச் சின்னக் கண்ணி வலையில் கட்டித் தொங்கவிடுகிறோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித் தின்பதால் விடியும் வரை வாய்க்கு வேலை இருக்கிறது. வயிறு வெறுமையாகக் கிடந்தால் புண் வரும், அதனால் புல்லில் கை வைக்க மாட்டேன், தானியத்தில் மட்டும்தான். லூசர்ன் (குதிரைமசால்) ஒரு பிடி, உப்பு ஒரு கரண்டி, அவ்வளவுதான். காய்ந்த புல் தின்பதால் தண்ணீர் அதிகம் குடிக்கிறான். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சிபோ வாளியைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறார். குடிப்பது குறைந்தால்தான் எனக்குக் கவலை.

சிபோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரடங்கு அறிவித்தபோது ஊருக்குப் போய்விடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். அவர் போகவில்லை. போனால் திரும்ப வர முடியாது, குதிரைகளை இந்தக் கிழவர் எப்படிச் சமாளிப்பார் என்று அம்மாவிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. சிகரெட்டும் மதுவும் விற்கக் கூடாது என்று தடை போட்டதிலிருந்து ஆள் கொஞ்சம் சிடுசிடுப்பு. போன வாரம் வண்டியில் அன்னாசிப் பழம் நிறைய வந்து இறங்கியது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. சம்பளத்தை நீ அனுப்பியதும் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்கு அரிசியும் மாவும் வாங்கிப் போட அம்மா தனியாக எடுத்து வைக்கிறாள்.

ராஜா எப்படி அசைகிறான் என்பதுதானே உன் கவலை. காலை 8 மணிக்கு வெளியே விட்டால் சாயங்காலம் வரை லட்சுமியோடு மேட்டு நிலத்தில் இருக்கிறான். தண்ணீர்த் தொட்டி கீழே கரும்புக்காட்டு வேலிப் பக்கம். புல்லை மேலே மாமரத்துப் பக்கம் ஏழெட்டுச் சின்னக் குவியலாகத் தூரம் தூரமாகப் போடச் சொன்னேன். ஒரு குவியலைத் தின்று முடிக்காமலே அடுத்ததில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போவது குதிரையின் குணம். லட்சுமி வந்து விரட்டுவாள், இவன் நகர்வான். அந்தக் கிழவிதான் இப்போது அவனுக்குப் பயிற்சியாளர். சரிவில் ஏறி இறங்கி, நாள் முழுக்க அவன் நடக்கும் தூரத்தை நீ ஏறி ஓட்டும் ஒரு மணி நேரத்தில் எட்ட மாட்டாய்.

அப்புறம் நான் கையில் பிடித்து நடத்துகிறேன். பத்து மணிக்குப் பிறகு, நம் வேலிக்குள்ளேயே. வாசல் வரை, திரும்பி மேடு வரை. வழியில் தரையில் நாலு கட்டை போட்டிருக்கிறேன், காலைத் தூக்கி வைத்துத் தாண்ட வேண்டும். மேட்டில் நின்று பின்னால் பத்தடி நடக்க வைப்பேன். பின்புறத் தசைக்கு அதுபோல வேறு வேலை கிடையாது, ஆளுக்கும் ஆபத்து இல்லை. எனக்கும் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் வருஷக்கணக்காகக் கத்துகிறார். இப்போது இருவருக்கும் சேர்த்து நடக்கிறது.

நீளக்கயிற்றில் வட்டம் சுற்ற வைக்கலாம் என்று நீ சொன்னதை முழுக்கத் தள்ளவில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள், பெரிய வட்டம், இரண்டு பக்கமும், பதினைந்து இருபது நிமிஷத்துக்குள் சிபோ செய்கிறார். தினமும் கூடாது. சின்ன வட்டத்தில் சுற்றச் சுற்ற மூட்டுக்குத்தான் வேலை. சும்மா இருந்த குதிரை கயிற்றில் துள்ளிக் குதித்துத் தசைநாரைப் பிடித்துக்கொண்டால் ஆறு மாசம் உட்கார வேண்டியதுதான்.

பயிற்சி எல்லாம் வீணாகப் போகிறதே என்று புலம்பாதே. முதல் மூன்று நாலு வாரத்தில் குதிரையின் மூச்சுத் திறன் பெரிதாகக் குறையாது. அதற்கு மேல் குறையும், உண்மைதான். நீ வந்து திரும்பத் தொடங்கும்போது இரண்டு மூன்று வாரம் வெறும் நடை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளுநடை, அதற்குப் பிறகுதான் ஓட்டம். தாண்டுவதைப் பற்றி அப்போது பேசலாம். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் வரும். நீ மூச்சைப் பார்த்து ஏமாந்துவிடுவாய், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

லாடக்காரர் ஏப்ரலில் வரவில்லை. இந்த மாதம் முகமூடியோடு வந்து நாலு லாடத்தையும் கழற்றி, குளம்பைச் சீவிவிட்டுப் போனார். ரோட்டில் இறங்காத குதிரைக்கு இப்போது இரும்பு எதற்கு? முதல் சில நாள் கல்லில் கூசிக் கூசி நடந்தான், இப்போது சரியாகிவிட்டது.

மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கு இந்த வருஷம் குட் ஃப்ரைடேக்கு யாரும் போகவில்லை. வீட்டிலேயே மஞ்சள் தண்ணீர் தெளித்து அம்மா விளக்கு வைத்தாள். லாயத்து வாசலிலும் வேப்பிலை கட்டினாள். பூச்சிக்கு அது கேட்குமோ என்னவோ, ராஜா எட்டிப் பிடித்துத் தின்றுவிட்டான்.

நம் ஊர்க் குதிரை நோய் இந்த மார்ச்சில் தாய்லாந்துக்கே போய்விட்டது, கேள்விப்பட்டாயா? அங்கே நூற்றுக்கணக்கில் குதிரைகள் செத்துவிட்டன. 1854–55இல் கேப் பக்கம் எழுபதாயிரம் குதிரைகள் வரை போனதாகச் சொல்வார்கள். அப்போது தடுப்பூசி கிடையாது. இப்போது ஊசி ஆண்டர்ஸ்ட்பூர்ட்டில், நீ இருக்கும் பக்கத்திலேயே செய்கிறார்கள். அதை நினைத்துத்தான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பூச்சிக் காலம் தணிந்த பிறகு, ஜூனிலிருந்து அக்டோபருக்குள் போட வேண்டிய ஊசி அது. இரண்டு தவணை, நடுவில் மூன்று வாரமாவது இடைவெளி. போட்ட பிறகு காய்ச்சல் அடிக்கலாம், கடுமையான வேலை கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் குதிரை ஷோ இருக்கிறது, ஷோ இருக்கிறது என்று நீ அதைத் தள்ளிப் போடுவாய். இந்த வருஷம் ஷோ எதுவும் இல்லை. எப்படியும் சும்மா நிற்கும் காலம், இரவுகள் கொஞ்சம் குளிர்ந்ததும் போட்டுவிடலாம். டாக்டரிடம் பேசிவிட்டேன். வாசலில் மருந்துப் பெட்டியை இறக்கி, இடைவெளி விட்டு நின்று வேலையை முடித்துத் தருகிறேன் என்றார்.

அதற்கு ராஜாவின் பாஸ்போர்ட் என்ற அடையாளப் புத்தகம் வேண்டும், ஊசி விவரத்தை அதில்தான் எழுதி முத்திரை வைப்பார். உன் அலமாரி முழுக்கத் தேடியாயிற்று. உன் பழைய பரிசு ரிப்பன்களும் மெட்ரிக் புத்தகங்களும்தான் இருக்கின்றன. லட்சுமியுடையது கிடைத்துவிட்டது. இவனுடையதை நீ அங்கே எடுத்துப் போய்விட்டாயா, இல்லை வண்டியின் டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறாயா? பார்த்து அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பு. உன்னிடம்தான் இருக்கிறது என்றால் முதல் பக்கத்தையும் ஊசிப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பு, இப்போதைக்கு அதைக் காட்டிச் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேட்கிறேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா