ஜெயித்தவர் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டென்னிஸில் முன்னணி நட்சத்திரங்கள் எதிர்பாராமல் தோற்ற ஆட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஃபெடரர் எப்படிச் சோர்ந்தார், நடால் எங்கே தடுமாறினார், ஜோகோவிச்சின் முகம் எப்போது வாடியது என்பதெல்லாம் விவரமாக இருந்தது. எதிரே நின்று ஜெயித்தவர் என்னதான் செய்தார் என்பது மட்டும் கடைசி வரை வரவில்லை. எல்லோருக்கும் 'மன உறுதி' என்று ஒரே சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். மன உறுதி இல்லாதவர் யாரும் கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய தொடர்கள்) மைதானத்துக்குள் வருவதில்லை. அன்று தோற்றவரிடமும் அது இருந்திருக்கும்.

1989 பிரெஞ்சு ஓபன் நான்காம் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவான் லெண்டில் அப்போது உலகின் முதல்நிலை வீரர், அந்தப் பட்டத்தை மூன்று முறை வென்றவர். எதிரே 17 வயது மைக்கேல் சாங். ஆண்கள் கிராண்ட்ஸ்லாம் ஆட்டத்தில் ஐந்தில் மூன்று செட் எடுப்பவர் ஜெயிப்பார்; ஒரு செட்டுக்குப் பொதுவாக ஆறு கேம் எடுக்க வேண்டும். முதல் இரண்டு செட்டும் 6-4, 6-4 என லெண்டிலுக்குப் போயின. அடுத்த இரண்டையும் சாங் எடுத்தார். அதற்குள் அவருடைய கால்கள் தசைப்பிடிப்பில் இறுகிவிட்டன. பக்கம் மாறும் இடைவேளையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே வாழைப்பழம் தின்றார், தண்ணீர் குடித்தார். ஐந்தாவது செட்டில் விலகிவிடலாம் என்று நடுவரை நோக்கி நடந்தவர், பாதியில் திரும்பி வந்தார். உங்கள் கட்டுரை இதுவரைக்கும் சொல்லிவிட்டு, இதுதான் மன உறுதி என்று முடித்துவிட்டது. எனக்கு ஆட்டம் சூடுபிடிப்பதே இதற்கப்புறம்தான்.

ஓட முடியாத ஒருவர் என்ன செய்யலாம்? சாங் பந்தை வானத்துக்குத் தூக்கித் தூக்கி அடித்தார். லெண்டிலுக்குப் பிடித்த வேகம் அதில் கிடைக்காது, தனக்கோ மூச்சு வாங்க அவகாசம் கிடைக்கும். வாய்ப்பு வந்தபோது ஓங்கி அடித்துப் புள்ளியைச் சட்டென்று முடித்தார். 4-3 என்று முன்னிலையில் இருந்தபோது தன் சர்வீஸில் 15-30 எனப் பின்தங்கினார். தலைக்கு மேல் வீசி சர்வ் செய்யக் கால் ஒத்துழைக்கவில்லை. இடுப்புக்குக் கீழிருந்து ஒரு சர்வீஸைத் தட்டிவிட்டார். அசந்துபோன லெண்டில் வலைக்கு முன்னேறி வர, அந்தப் புள்ளி சாங்குக்கே கிடைத்தது. கடைசியில் மேட்ச் பாயிண்ட், அதாவது சாங் ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி. லெண்டில் இரண்டாவது சர்வீஸ் போடத் தயாரானபோது சாங் பல அடி முன்னால் வந்து சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த சர்வீஸையும் தவறவிட்டு லெண்டில் டபுள் ஃபால்ட் செய்தார், புள்ளி சாங்குக்கு. கடைசி மூன்று செட்டும் சாங்குக்கு 6-3, 6-3, 6-3. கீழிருந்து சர்வ் செய்ததற்கும் முன்னால் வந்து நின்றதற்கும் துணிச்சல் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வலியோடு நின்ற ஒருவர் எதிராளியின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கை எழுத வேண்டாமா? பிறகு இறுதியில் எட்பெர்க்கையும் ஐந்து செட்டில் வென்று கோப்பையை வாங்கினார். ஆண்கள் ஒற்றையரில் மிக இளவயது கிராண்ட்ஸ்லாம் சாம்பியன் இன்றும் அவர்தான்.

2011 விம்பிள்டன் காலிறுதியை 'ஃபெடரரின் சரிவு' என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் கிராண்ட்ஸ்லாமில் இரண்டு செட் முன்னிலை பெற்ற 178 ஆட்டங்களிலும் தோற்காதவர் அவர் என்பது சரி. ஆனால் அன்று இரண்டு செட் பின்தங்கிய பிரான்ஸ் வீரர் சோங்கா, அடுத்த மூன்று செட்டையும் 6-4, 6-4, 6-4 என்றுதான் எடுத்தார். செட்டுக்கு ஒரே ஒரு பிரேக், அதாவது எதிராளியின் சர்வீஸில் எடுத்த கேம். முதல் செட்டில் விட்ட சர்வீஸுக்குப் பிறகு அவர் தன் சர்வீஸைக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. புல்தரையில் ஒருவர் இப்படி சர்வ் செய்தால் எதிரே யார் நின்றாலும் திணறல்தான். இதைச் சரிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2015 அமெரிக்க ஓபனில் நடாலுக்கும் இதே கதி நேர்ந்தது. அதுவரை கிராண்ட்ஸ்லாமில் இரண்டு செட் முன்னிலையைத் தவறவிடாதவரை ஃபாபியோ ஃபொனினி சாய்த்தார். அந்த ஆட்டத்தில் ஃபொனினி அடித்த வின்னர்கள் (எதிராளி தொட முடியாமல் புள்ளி தரும் அடிகள்) மட்டும் 70! நடால் எங்கே தடுமாறினார் என்று தேடுவதை விட்டுவிட்டு இந்த எண்ணிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

புள்ளி முறையைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. கால்பந்தில் மூன்று கோல் முன்னிலை வைத்திருப்பவர் பந்தைக் காலடியில் வைத்து நேரத்தைக் கடத்தலாம். டென்னிஸில் கடிகாரம் யாரையும் காப்பாற்றாது, கடைசிப் புள்ளியை ஜெயித்தே ஆக வேண்டும். தோற்ற செட்டை 0-6 என்று தோற்றாலும் 6-7 என்று தோற்றாலும் ஒன்றுதான். 2004 பிரெஞ்சு ஓபன் இறுதியில் தரவரிசையில் 44ஆம் இடத்தில் இருந்த கஸ்டோன் கௌடியோ, கில்லர்மோ கோரியாவை 0-6, 3-6, 6-4, 6-1, 8-6 என்று வென்றார். நடுவில் இரண்டு மேட்ச் பாயிண்டுகளைக் காப்பாற்றினார். கேம்களைக் கூட்டிப் பாருங்கள், இருவருக்கும் 23.

2017 ஆஸ்திரேலிய ஓபன் இன்னும் வேடிக்கை. 117ஆம் நிலையில் இருந்த உஸ்பெகிஸ்தானின் டெனிஸ் இஸ்டோமின் இரண்டாம் சுற்றில் ஜோகோவிச்சை 7-6, 5-7, 2-6, 7-6, 6-4 என்று வென்றார். இதில் அதிக கேம்களை எடுத்தவர் ஜோகோவிச்: 29-27! சிறு வயதில் இஸ்டோமினுக்கு நேர்ந்த கார் விபத்தையும், அவருடைய அம்மாவே பயிற்சியாளர் என்பதையும் கட்டுரையாளர் மறக்காமல் எழுதியிருந்தார். 6-6 ஆனதும் செட்டைத் தீர்மானிக்கும் டைபிரேக்குகள் இரண்டையும் இஸ்டோமின் எடுத்ததுதான் ஆட்டத்தையே தீர்மானித்தது என்பதை எழுத இடமில்லாமல் போய்விட்டது போலும். அந்தத் தொடருக்குள் அவர் வந்ததே ஆசிய-பசிபிக் தகுதிப் போட்டியில் இந்திய வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனிடம் மேட்ச் பாயிண்டுகளிலிருந்து தப்பித்துத்தான். நம் வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான தகவல் வேறு என்ன வேண்டும்?

பெண்கள் ஆட்டத்துக்கு ஒரே ஒரு பத்தி, அதுவும் செரீனாவின் ஏமாற்றம் பற்றி. 2015 அமெரிக்க ஓபன் அரையிறுதிக்கு வந்தபோது அவர் அந்த ஆண்டின் மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம்களையும் வென்றிருந்தார். எதிரே 32 வயது ராபெர்ட்டா வின்சி, தரவரிசை 43. இரட்டையரில் பெயர் வாங்கியவர். அதற்கு முன் செரீனாவுடன் ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒரு செட்கூட எடுத்ததில்லை. முதல் செட்டை 2-6 என்று இழந்தார். ஆனால் தரையோடு தரையாக வழுக்கிப்போகும் அவருடைய பேக்ஹேண்ட் ஸ்லைஸ் செரீனாவைத் திரும்பத் திரும்பக் குனிய வைத்தது. தோளுயரத்தில் வரும் பந்தை விளாசுபவரை முழங்கால் மட்டத்தில் ஆட வைப்பது பழைய பாணி. பலரும் கைவிட்ட பாணியும்கூட. வின்சியிடம் அது இருந்தது, அடுத்த இரண்டு செட்டும் 6-4, 6-4 என்று வந்தன. செரீனாவுக்கு அன்று பதற்றம் இருந்தது உண்மைதான். அந்தப் பதற்றத்தை ஆட்டமாக மாற்றத் தெரிந்த ஒருவர் எதிரே வேண்டுமே.

ஆண்கள் ஆட்டத்தையும் பெண்கள் ஆட்டம்போல மூன்று செட்டாக (இரண்டு எடுத்தால் வெற்றி) குறைக்கலாம் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். ஐந்து செட் பொதுவாகப் பலசாலிக்கே சாதகம், ஒப்புக்கொள்கிறேன். 2010 விம்பிள்டன் முதல் சுற்றில் அலெஹாண்ட்ரோ ஃபாயா இரண்டு செட் முன்னிலை பெற்று, நான்காவது செட்டில் வெற்றிக்காக சர்வ் செய்தும் ஃபெடரரிடம் தோற்றார். 2021 பிரெஞ்சு ஓபனில் ஜோகோவிச்சிடம் இரண்டு செட் எடுத்த 19 வயது லொரென்சோ முசெட்டி, அடுத்து ஒரே ஒரு கேம்தான் எடுத்தார். ஐந்தாவது செட்டில் 0-4 என்றிருக்கும்போது விலகினார். மூன்று செட் விதி இருந்திருந்தால் இவர்கள் இருவரும் ஜெயித்திருப்பார்கள். சாங், சோங்கா, ஃபொனினி, கௌடியோ நால்வரும் நேர் செட்களில் தோற்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். 2018 விம்பிள்டனில் மேட்ச் பாயிண்டைக் காப்பாற்றி ஃபெடரரை 13-11 என்று ஐந்தாவது செட்டில் வென்ற கெவின் ஆண்டர்சனும் அப்படித்தான். ஃபாயாவுக்காக வருத்தப்படுவேன், ஆனாலும் நான் ஐந்து செட் பக்கம்தான். முதல் இரண்டு செட்டில் அடி வாங்கி எதிராளியைப் படித்துக்கொண்டவருக்கு அந்தப் பாடத்தைப் பயன்படுத்த நேரம் வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழு ஸ்கோரையும் போடச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் யூர்கன் மெல்ட்ஸர் பெயரே இல்லை. 2010 பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் 3-6, 2-6 என்று பின்தங்கியவர் 6-2, 7-6, 6-4 என்று ஜோகோவிச்சை வென்றார். இரண்டு செட் முன்னிலையிலிருந்த ஜோகோவிச்சை வீழ்த்தியவர் அவர் ஒருவர்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்