பழைய காலண்டர் கொடுத்தவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்கும் இந்த ஆண்டு கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். இங்கே செய்தவற்றின் அளவைப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் யார் செய்தார்கள் என்பதோடு எப்படிச் செய்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறோம்.

சாய்தளம் கட்டிய மேஸ்திரிக்கு முதல் நன்றி. வகுப்பறைத் தரை ஒன்றரை அடி உயரம். பழைய சாய்தளமோ ஆறடி நீளம்தான். சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்றுவது பெரும்பாடு, இறக்குவது அதைவிட ஆபத்து. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் 18 அடி வேண்டும். முன்னால் அவ்வளவு இடம் இல்லாததால் சுவரோரமாக மடக்கி, திருப்பத்தில் ஒரு சமதளம் வைத்தார். கதவு முன்பும் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். சக்கரம் ஓரத்தில் இறங்கிவிடாமல் இருபுறமும் இரண்டு அங்குல விளிம்பு. சிமென்ட் இறுகும் முன் துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டார், மழையிலும் வழுக்குவதில்லை.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு மேசை செய்த தச்சர், நாங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்தார்: கால் பலகை. மேசையில் அரைவட்டம் வெட்டினால் முழங்கைக்குத் தாங்கல் கிடைக்கும், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் கால் தொங்கினால் இடுப்பு முன்னால் நழுவும். இடுப்பு நழுவினால் உடம்பைப் பிடித்துக்கொள்ளவே கைக்கு வேலை சரியாகிவிடும், எழுத்து எங்கே வரும்? பாதம் முழுதாகப் பலகையில் படிய வேண்டும். பென்சிலைச் சுற்றிய பஞ்சுக் குழாய்கூட அதற்குப் பிறகுதான் பயன்பட்டது.

உப்புத்தாள் எழுத்துகளையும் அவரே வெட்டித் தந்தார். முதலில் ஒட்டிய 80ஆம் எண் தாள் விரல் நுனியில் எரிச்சல் தந்தது. 150க்கு மாற்றியதும் குழந்தைகள் தாமாகவே தடவ ஆரம்பித்தார்கள்.

எழுத்து விஷயத்தில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் தங்கைக்குக் கடன்பட்டிருக்கிறோம். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு என்னும் முதல் நிலையிலேயே நின்றுவிட்ட சில குழந்தைகள், தனி எழுத்து எல்லாம் சொல்வார்கள். 'கொடி' என்று எழுதிக் காட்டினால் 'கெரடி' என்பார்கள். காரணம் சோம்பலல்ல. தமிழில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பிறகு வருகிறது. வலப்பக்கத் துணைக்கால் பார்வைக்கு 'ர' போலவே இருக்கிறது. அவர் செய்தது எளிய வேலை: அட்டையில் மெய்யைக் கறுப்பிலும் குறியைச் சிவப்பிலும் எழுதினார். விரல் முதலில் கறுப்பைத் தொட்டு 'க்' சொல்லும், பிறகு சிவப்பைத் தொட்டு 'ஒ' சொல்லும், இரண்டும் சேர்ந்து 'கொ'. சிவப்பு இருபக்கமும் இருந்தாலும் அது ஒரே குறி என்பது இப்படித்தான் மனதில் பதிந்தது. ண, ந, ன மூன்றையும் ஒரே நாளில் காட்டக் கூடாது என்றும் அவர் பிடிவாதமாகச் சொன்னார். சரிதான், ஒன்று நன்றாக ஊறிய பிறகே அடுத்தது.

மணல் தட்டுக்கு மணல் சலித்துக் கொடுத்த அம்மாக்களே, அரைவிரல் ஆழத்துக்கு மேல் கொட்டினால் கோடு மூடிக்கொள்கிறது. தட்டின் அடியில் கறுப்பு பெயின்ட் அடித்தால் எழுத்து பளிச்சென்று தெரிகிறது.

மாத்திரை டப்பாக்களில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துத் தந்த மருந்துக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி. காது கேட்கும் கருவிக்கு வியர்வைதான் எதிரி. இரவில் பேட்டரியைக் கழற்றி, கருவியை அந்தப் பொட்டலத்தோடு மூடிய டப்பியில் வைக்கிறோம், குழந்தை கைக்கு எட்டாத இடத்தில். பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்த நிமிடமே அது தீரத் தொடங்கும். திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது.

கடைசியாக, வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியருக்கும் காலண்டர் கொடுத்த கடைக்காரர்களுக்கும். பார்வையற்ற குழந்தைகள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளி எழுத்தை எழுதப் பளபளப்பான மாதக் காலண்டர் தாள் அருமையாகப் பொருந்துகிறது. தினசரித் தாள் மெலிசு, எழுத்தாணி கிழித்துவிடும். தாளைப் பிடிக்கும் பிரெயில் சட்டத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால்தான் புள்ளி மேலெழும். ஓர் எழுத்துக்கு உள்ள ஆறு புள்ளி இடங்களில் 'க'வுக்கு 1, 3 புள்ளிகள், வாசிக்கும்போது இடப்பக்க வரிசை; குத்தும்போது அதுவே வலப்பக்கம். உடன் உதவுகிற பெரியவர்கள்தான் இதில் அதிகம் குழம்புகிறோம். வேடிக்கை என்னவென்றால், பிரெயிலில் 'கெ' எழுத முதலில் க, பிறகு எ. கண்ணால் படிக்கிற குழந்தைகளைத் திணறடிக்கும் கொம்புத் தொல்லை அங்கே இல்லவே இல்லை.

எழுதிய தாள்களை அடுக்கி மேலே பாரம் வைத்தால் புள்ளி நசுங்கும் என்பதால் நிறுத்தி வைக்க ஒரு சிறு அலமாரி தேடுகிறோம். டிசம்பர் முடிந்ததும் காலண்டரைச் சுருட்டாமல் கொடுங்கள். சுருண்ட தாள் சட்டத்தில் படியாது.

அன்புடன்,
ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும்